புதுப்பிப்பு: சிறிய கப்பலில் போய்விட்டு வந்தோம்

நூறு பேர் மட்டுமே செல்லும் சொகுசுக் கப்பலுக்கு இவ்வளவு பணம் கொடுக்கலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று இத்தாலிக்குக் கிழக்கேயுள்ள ஏட்ரியாடிக் கடலில் பயணம் போவதற்கு முன் கேட்டிருந்தேன்.

சாப்பாட்டுக் கவலை வீண். இரண்டாம் நாளே சமையல்காரர் மேசைக்கு வந்து விசாரித்தார். மறுநாள் பருப்பு வந்தது. உப்புதான் குறைவு.

கொடுத்த பணத்துக்கு மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவிலேயே ஈடு கிடைத்துவிட்டது. விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றோம். வளைகுடாவுக்குள் கப்பல் கடக்கும் வெரிகே நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 340 மீட்டர்தான். இருபுறமும் மலை, கரையில் யாரோ துணி உலர்த்துவதுகூடத் தெரிந்தது. கோட்டோர் ஊருக்கு மேலே மலையிலுள்ள கோட்டைக்கு ஏறத்தாழ 1350 படிகள். நான் பாதி வழியிலுள்ள தேவாலயத்தோடு நிறுத்திக்கொண்டேன். மனைவி உச்சிவரை ஏறினாள், இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம் ஏமாற்றம். பழைய நகரைச் சூழ்ந்த 1940 மீட்டர் நீள மதிலைக் கூட்டமில்லாமல் சுற்றக் காலை எட்டு மணிக்கே போக வேண்டும். எங்களைக் கரையிறக்கியது பதினொன்றுக்கு. வெயிலும் முதுகுகளும்தான் பார்த்தோம்.

அதே நாட்டின் கோர்ச்சுலா தீவில் கப்பல் பழைய ஊரின் ஓரத்திலேயே நின்றது, இறங்கினால் தெரு. மார்க்கோ போலோ பிறந்த வீடென்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நான் நம்பவில்லை, ஆனாலும் படம் எடுத்துக்கொண்டேன்.

இணைய வசதி பற்றிக் கேட்டவருக்கு: மலைகளுக்கு நடுவே சுத்தமாக வரவில்லை.