பர்ச்சேஸ் பில்லை ஸ்கேன் பண்ணி டாலி கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்தறேன், நம்பர் தப்பு தப்பா வருதுங்க, உதவி வேணும்

கோபி_ஹார்டுவேர்:
வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையத்துல அப்பாவோட ஹார்டுவேர், பெயிண்ட் கடையை இப்ப நான் பாத்துக்கறேன். மாசம் 350 பர்ச்சேஸ் பில் வருது, வண்டி வாடகை, சுமைக்கூலி வவுச்சர் எல்லாம் தனி. பத்து வருஷமா ஒரே அக்காதான் எல்லாத்தையும் டாலில அடிக்கறாங்க, 15 தேதி தாண்டுனா ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஃபோன் வந்துட்டே இருக்கும், அக்கா நைட்டு ஒம்பது மணி வரைக்கும் உக்காந்து அடிச்சு அடிச்சு இப்ப மணிக்கட்டுல பட்டி கட்டிட்டு வராங்க, பாக்கவே மனசு கேக்கலைங்க.

அதனால ஃபோன்ல ஒரு ஸ்கேன் ஆப் போட்டு பில்லை எக்செல்லா மாத்திப் பாத்தேன். பிரிண்ட் பில் பரவால்ல. கார்பன் காப்பி பில்லுதான் உயிரை எடுக்குது, 11,800 ரூபா பில்லு 77,800ன்னு வந்திருக்கு, கையெழுத்துல 1 எல்லாம் 7 ஆயிடுச்சு. பில் நம்பர் 12/24ன்னு இருந்தா எக்செல் அதை டிசம்பர்-24ன்னு தேதியாக்கிடுது. ஜிஎஸ்டி நம்பர்லயும் 5 எஸ் ஆகுது, 8 பி ஆகுது. திருத்தற நேரத்துக்கு அடிச்சே முடிச்சிருப்பேன்னு அக்கா சொல்றாங்க. காசு கட்டி நல்ல சாஃப்ட்வேர் வாங்கினா சரியாகுமா?

ஆடிட்டர்_ஆபீஸ்_தம்பி:
அண்ணே காசு கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 (அவரோட விற்பனைக் கணக்கு) போட்டுட்டார்னா அவர் பில்லு உங்க ஜிஎஸ்டிஆர்-2பில (உங்க பேர்ல வந்த பர்ச்சேஸ் பில் லிஸ்ட்) வந்துடும், மாசாமாசம் 14 தேதி ரெடியாகும், ஜிஎஸ்டி போர்ட்டல்லயே எக்செல்லா இறக்கிக்கலாம். பார்ட்டி ஜிஎஸ்டி நம்பர், பில் நம்பர், தேதி, வரி போடற தொகை, சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) எல்லாம் அதுல டைப் பண்ணியே இருக்கு. அதைப் போய் எதுக்கு பேப்பர்ல இருந்து திரும்ப படிக்கறீங்க? எங்க ஆபீஸ்ல முக்கால்வாசி கடைக்கு இப்படித்தான் போகுது.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அதுல ஐட்டம் விவரம் வராது, காம்போசிஷன் (பில்லுல வரி தனியா போடாம, விற்பனைல சின்ன சதவீதம் கட்டற திட்டம்) கடைக்காரர் பில்லும் ஜிஎஸ்டி இல்லாதவர் பில்லும் வரவே வராது. அப்புறம் 2பில இருக்குன்னு மட்டும் கிரெடிட் (வாங்கினப்ப குடுத்த வரியைக் கழிச்சுக்கறது) எடுத்துடாதீங்க, பில்லு கையில இருக்கணும், சரக்கு கடைக்கு வந்திருக்கணும்.

கோபி_ஹார்டுவேர்:
இது இத்தனை நாளா யாருமே சொல்லலைங்க! பெயிண்டுக்கு மட்டும்தான் ஐட்டம் வாரியா ஸ்டாக் வெச்சிருக்கோம், மத்ததெல்லாம் மொத்த தொகைதான்.

ஸ்கேனர்_சாமி:
அப்ப பெயிண்ட் பில்லு மட்டும் ஸ்கேன் பண்ணுங்க, கம்பெனி டிப்போ பில்லு பிரிண்ட்ல வரும், நல்லா படிக்கும். ஃபோன்ல எடுத்தா கை நிழல் விழுது, சின்ன ஸ்கேனர்ல 300 டிபிஐ, கிரே மோட்ல போடுங்க. தெர்மல் பேப்பர் பில்லு வந்த அன்னிக்கே போட்டுடணும், நாளாக நாளாக எழுத்து மங்கிடும்.

எக்செல்ல பில் நம்பர் வர்ற கட்டங்களை முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டுத்தான் டேட்டாவை உள்ள விடணும், விட்டப்புறம் மாத்தினா பிரயோஜனம் இல்ல. ஜிஎஸ்டி நம்பரை பில்லுல இருந்து படிக்கவே படிக்காதீங்க, உங்க சப்ளையர் லிஸ்ட் ஒண்ணு வெச்சு அதுல இருந்து எடுங்க. பக்கத்துல ஒரு ஃபார்முலா போடுங்க, 18 சதவீத பில்லுன்னா தொகையில 9 சதவீதம் சிஜிஎஸ்டியோட ஒத்துப்போகுதா, ரெண்டு வரியும் சமமா, கூட்டினா டோட்டல் வருதா, ஒரு ரூபாய்க்கு மேல இடிச்சா செல் சிவப்பாகட்டும். உங்க 77,800 அங்கயே மாட்டியிருக்கும், ஏன்னா வரி ரெண்டும் 900ன்னா தொகை 10,000தான் இருக்க முடியும், டோட்டல் 11,800தான் வரும்.

இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டல்ல பதிஞ்ச பில்லு) க்யூஆர் இருக்கற பில்லுன்னா இன்னும் சுலபம், 2023 ஆகஸ்ட்ல இருந்து 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ளவங்க எல்லாம் அது போட்டாகணும். ரெண்டு பேர் ஜிஎஸ்டி நம்பர், பில் நம்பர், தேதி, மொத்த தொகை எல்லாம் அந்த கட்டத்துக்குள்ளயே இருக்கு. சாதா ஆப்ல அடிச்சா புரியாத எழுத்தா நீளமா வரும், அதுக்குன்னு இருக்கற ஆப்ல அடிங்க.

டாலி_அக்கா_ஈரோடு:
தம்பி, நானும் அடிச்சு அடிச்சு கை போனவதான். டாலி பிரைம் 4.0ல இருந்து எக்செல்லை நேராவே இம்போர்ட் பண்ணலாம். முதல்ல பேக்கப் எடுங்க, டெஸ்ட் கம்பெனி ஒண்ணு ஓபன் பண்ணி பத்து பில்லு விட்டுப் பாத்துட்டு அப்புறம் நிஜ கம்பெனிக்கு வாங்க. லெட்ஜர் (டாலில இருக்கற கணக்கு) பேர்ல ஒரு ஸ்பேஸ் மாறினாலும் சேராது. சுமைக்கூலி வவுச்சரை ஸ்கேன் பண்ண மெனக்கெடாதீங்க, கையால அடிக்கறதுதான் சீக்கிரம்.

இன்னொண்ணு, அந்த அக்காவை ஒதுக்கிட்டு நீங்களே பண்ணாதீங்க. எந்த பார்ட்டி எப்படி பில்லு போடுவான்னு அவங்களுக்குத்தான் தெரியும். அடிக்கற வேலையை எடுத்துட்டு சரிபாக்கற வேலையைக் குடுங்க.

கோபி_ஹார்டுவேர்:
ஒரு மாசம் பாத்துட்டு வந்து எழுதறேங்க. 350ல 268 பில்லு 2பில இருந்து வந்துடுச்சு, பெயிண்ட் பில்லு ஸ்கேன்ல ஏறுச்சு, மிச்சத்தை மட்டும் அக்கா அடிச்சாங்க, நாலு நாள்ல முடிஞ்சுது. கையில பில்லு இருந்தும் 2பில வராதது மூணு, ஃபோன் பண்ணிக் கேட்டா ஒரு சப்ளையர் எங்க ஜிஎஸ்டி நம்பர்ல ஒரு எழுத்தை மாத்திப் போட்டிருக்கார், திருத்தித் தரேன்னுட்டார்.

ஈரோட்டு அக்கா சொன்னது சரிங்க. சிமெண்ட் பில்லு ஒண்ணு, ஸ்கேன்ல தொகை, வரி எல்லாம் கரெக்ட். எங்க அக்கா வாங்கித் திருப்பிப் பாத்தாங்க, பின்னாடி பென்சில்ல “2 மூட்டை கிழிசல், ரிட்டர்ன்”னு அப்பா எழுதியிருக்கார். அதுக்கு கிரெடிட் நோட் (ரிட்டர்னுக்கு தொகை குறைச்சு சப்ளையர் தர்ற சீட்டு) வாங்கவே இல்ல. இப்ப ரெண்டு பக்கமும் ஸ்கேன் போடறோம்.

கடைசியா ஒண்ணு, ஸ்கேன் பண்ணின பேப்பரை எடைக்குப் போட்டுடலாமா?

ஆடிட்டர்_ஆபீஸ்_தம்பி:
வேண்டாம்ணே. வருஷாந்திர ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். 2023-24 பில்லுன்னா 2030 டிசம்பர் 31 வரைக்கும். மாசத்துக்கு ஒரு கட்டு, மேல ஸ்கேன் ஃபோல்டர் பேரை எழுதி பரண்ல போட்டுடுங்க.