யுபிஎஸ் சென்சார் ராத்திரி முழுக்க எச்சரிக்கை அனுப்புகிறது, எல்லையை எங்கே வைப்பது?

உபிவாசி:
வணக்கம். சிங்கப்பூர் உபியில் எங்கள் அலுவலகத்தின் சர்வர் அறையில் சர்வர்களை அடுக்கிய ஒரு ரேக், அதன் அடியில் யுபிஎஸ். அதற்கு வெப்பநிலை அளக்கும் சென்சார் ஒன்றையும், அறைச் சுவரில் ஈரப்பதம் அளக்கும் சென்சார் ஒன்றையும் மாட்டித் தந்தார்கள். அறையின் ஏர்கான் 24 டிகிரியில் நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் கட்டடத்தின் ஏர்கான் மாலையில் நின்றதும் ஈரப்பதம் 58 சதவீதத்துக்கும் 66 சதவீதத்துக்கும் இடையே ஏறி இறங்குகிறது. எல்லை 60 என்பதால் மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. வெப்பநிலையும் 33 என்று காட்டுகிறது. ஈரப்பத எல்லையை 80க்கு உயர்த்திவிடலாமா?

ரேக்அண்ணன்:
80 வேண்டாம் தம்பி, அப்புறம் நிஜமான ஆபத்தும் தெரியாது. முதலில், வெப்பநிலை சென்சார் எங்கே இருக்கிறது?

உபிவாசி:
யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, அண்ணே.

ரேக்அண்ணன்:
அதனால்தான் 33. யுபிஎஸ் வெளியே தள்ளும் சூட்டை அந்தச் சென்சார் அளக்கிறது. குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி, கருவி உள்ளே இழுக்கும் காற்றுக்கானது. ரேக்கின் முன்பக்கம், மேல் பகுதியில் வையுங்கள். சூடு அங்கேதான் முதலில் தெரியும். 27இல் எச்சரிக்கை, 32இல் அவசரம். 25க்கு இறங்கினால்தான் எச்சரிக்கை நீங்க வேண்டும். இந்த 2 டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் 26.9, 27.1 என்று ஆடும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும்.

ஜூரோங்கார்:
ஈரப்பதம் ஆடுவதற்கு ஏர்கானும் காரணமாக இருக்கலாம். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்கும், விசிறி ஓடும். ஏர்கானின் குளிர்ச் சுருளில் தங்கிய நீர் ஆவியாகி அறைக்கே திரும்பும். கதவிடுக்கு வழியே நம் ஊர்ப் புழுக்கமும் சேரும். இடுக்கை அடையுங்கள், ஏர்கானில் ஈரத்தைக் குறைக்கும் டிரை மோடையும் போட்டுப் பாருங்கள். 24 டிகிரியில் 65 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 17 டிகிரி. ஓடும் கருவிகள் அதைவிடச் சூடாகவே இருக்கும், அவற்றில் நீர் படியாது. ஏர்கானில் குளிர்காற்று வெளிவரும் வாய்ப்பகுதியில் படியும். அது ரேக்குக்கு நேர் மேலே இருந்தால் நீர்க்கசிவு சென்சாரும் தேவை. நானாக இருந்தால் 70இல் எச்சரிக்கை வைத்து, 15 நிமிடம் தொடர்ந்தால் மட்டும் அனுப்பச் சொல்வேன்.

உபிவாசி:
வெப்பநிலை சென்சாரை முன்னால் மாற்றினேன், 25 காட்டுகிறது. ஈரப்பத எல்லையையும் நீங்கள் சொன்னபடி 70 ஆக்கினேன். நேற்றிரவு ஒரு மின்னஞ்சலும் இல்லை. மிக்க நன்றி! பேட்டரிக்குத் தனி எல்லை வேண்டுமா?

ரேக்அண்ணன்:
கட்டாயம். ஈய அமில பேட்டரியின் ஆயுளை 25 டிகிரிக்குக் கணக்கிடுகிறார்கள். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். யுபிஎஸ்ஸே காட்டும் பேட்டரி வெப்பநிலைக்கு 30இல் எச்சரிக்கை வையுங்கள். சென்சாரைக் கைக்குள் பொத்திப் பிடித்து மின்னஞ்சல் வருகிறதா என்றும் சோதியுங்கள். ரௌட்டரும் இணையம் வரும் ஃபைபர் பெட்டியும் அதே யுபிஎஸ்ஸில்தானே? இல்லையென்றால் கரண்ட் போகும்போது எச்சரிக்கை வெளியே போகாது.

உபிவாசி:
ரௌட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ஃபைபர் பெட்டி சுவர் சாக்கெட்டில். இன்றே மாற்றிவிடுகிறேன், அண்ணே.