கான்லாங்: புனைமொழியா, ஆக்கமொழியா, செயற்கை மொழியா?

பட்டியல் தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

மொழியியல் கலைச்சொல் பட்டியலில் ஒரு கொத்து இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஒருவரோ சிலரோ திட்டமிட்டு உண்டாக்கும் மொழியை ஆங்கிலத்தில் கான்லாங் என்கிறார்கள். உலகப் பொதுமொழியாகச் செய்த எஸ்பெராண்டோ, ஸ்டார் டிரெக் படங்களுக்காகச் செய்த கிளிங்கன், மிகக் குறைந்த சொற்களால் ஆன டோக்கி போனா எல்லாம் இதில் அடங்கும். இதுவரை "செயற்கை மொழி" என்று எழுதிவந்தோம். உட்பிரிவுகளுக்கு வரும்போதுதான் சிக்கல். இயற்கை மொழிகளிலிருந்து சொற்களை எடுத்துக் கட்டியவை அ போஸ்டீரியோரி. எதையும் எடுக்காமல் கட்டியவை அ பிரியோரி. பழைய வரைவில் இவை "பின்னறி மொழி", "முன்னறி மொழி" என்று உள்ளன. மெய்யியல் அகராதியிலிருந்து தூக்கி வைத்தது போலிருக்கிறது, படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தாய்மொழியின் இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றிவிடும் ரீலெக்ஸ் என்பதற்கும் சொல் இல்லை.

நான்கு சொற்களும் ஒரே குடும்பமாக அமைந்தால் நல்லது. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

இலக்கண ஆசிரியர்:

வணக்கம் அம்மா.

"செயற்கை" வேண்டாம் என்பது என் கருத்து. கணினி நிரல்மொழிகளையும் தருக்கக் குறியீட்டு மொழிகளையும் அந்தப் பெயரில் எழுதுகிறார்கள். மொழிகளுக்குக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 639-3 தரமோ கான்லாங்குகளுக்குத் தனி வகை வைத்திருக்கிறது, நிரல்மொழிகளை அதில் சேர்ப்பதில்லை. நாம் ஒரே பெயரைச் சூட்டினால் அந்த வேறுபாடு தமிழில் அழிந்துவிடும்.

"ஆக்கமொழி" என்று வைக்கலாம். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் "இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்" என்றும் "செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்" என்றும் அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் வருகின்றன. நிலம் வலிது என்று சொல்லலாம். மண் குடம் ஆனதைச் சொல்லும்போது "மண் குடமாயிற்று" என்று ஆக்கச்சொல் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். இயல்பாக இருந்துவருவதற்கும் ஒருவர் ஆக்கியதற்கும் உள்ள எதிர்நிலையை நம் இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது.

மொழி புனைபவர்:

ஐயா, நூற்பா அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் கலைச்சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் போதாது, அதிலிருந்து பெயரும் வினையும் ஆளைக் குறிக்கும் சொல்லும் கிளைக்க வேண்டும். ஆக்கமொழியை உண்டாக்கும் செயலுக்கு என்ன பெயர்? இயல்பாக வாயில் வருவது "மொழியாக்கம்". அதற்கு மொழிபெயர்ப்பு என்ற பொருள் வேரூன்றிவிட்டது. "மொழியாக்குநர்" என்றால் மொழிபெயர்ப்பாளர் என்றே படிப்பார்கள். கிளைகள் எல்லாம் வேறொருவர் வீட்டு முற்றத்தில் போய் விழுகின்றன.

நான் முன்வைப்பது "புனைமொழி". செயல் மொழிப்புனைவு, செய்பவர் மொழிபுனைவோர், தனிச்சொல் புனைசொல், எழுத்துமுறை புனையெழுத்து. புனைமொழி வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகுமா என்ற கேள்வியே எழாது. புனைந்த மொழி, புனைகின்ற மொழி, புனையும் மொழி என்று மூன்று காலத்துக்கும் விரியும். பெரும்பாலான புனைமொழிகள் முடிவடைவதே இல்லை என்பதால் அது இன்னும் பொருத்தம்.

பட்டியல் தொகுப்பாளர்:

> நான் முன்வைப்பது "புனைமொழி".

புனைகதை, புனைவு என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் "கற்பனை மொழி" என்று ஒலிக்காதா? 1887இல் வார்சாவில் வெளியான எஸ்பெராண்டோவை வீட்டுமொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழியைப் புனைவு என்றால் பொய் என்று சொன்னதாகிவிடும்.

இலக்கண ஆசிரியர்:

அந்த அச்சம் வேண்டாம். மாலை புனைவதும் புனைதல்தான். சங்கப் பாட்டில் "புனையா ஓவியம்" என்றால் வண்ணம் தீட்டி முடிக்காத ஓவியம். பொய் ஓவியம் அன்று. செய்தல், அழகுபடுத்தல், கோத்தல் என்ற பொருள்கள்தாம் பழையவை, கதைப்பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மொழியாக்கம் பற்றிய தடையை என்னால் மறுக்க முடியவில்லை. புனைமொழிக்கே என் வாக்கு.

ஒன்றை மட்டும் இப்போதே விலக்கிவிடலாம். இவற்றைக் "குழூஉக்குறி" என்று சிலர் எழுதுகிறார்கள். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பதும் யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பதும் குழூஉக்குறிக்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டுகள். அங்கே மொழி தமிழ்தான், சில சொற்கள் மட்டும் மறைவு. சிறுவர்கள் அசைதோறும் "க" சேர்த்துப் பேசும் க-பாஷையும் அப்படியே.

மொழி புனைபவர்:

நன்றி ஐயா. இனி கடினமான பகுதி.

அ பிரியோரிக்குத் "தன்வேர்ப் புனைமொழி", அ போஸ்டீரியோரிக்குக் "கொள்வேர்ப் புனைமொழி" என்று வைத்துப் பார்ப்போம். வேரைத் தானே உண்டாக்கிக்கொண்டது ஒன்று, பிறரிடம் கொண்டது மற்றொன்று.

தன்வேரின் கடைக்கோடி 1668இல் இங்கிலாந்து அறிஞர் ஜான் வில்கின்ஸ் வகுத்த மெய்யியல் மொழி. உலகப் பொருள்களை 40 பேரினங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அசை கொடுத்தார். "தெ" பூதம் (நிலம், நீர், தீ என்ற பொருளில்), "தெப்" தீ, அதற்கு மேல் ஓர் உயிரெழுத்து சேர்த்தால் தீச்சுடர். படிக்க ஒழுங்காக இருக்கும், பேச்சில் தடுமாறும். ஒரே இனத்துப் பொருள்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஓர் எழுத்து காதில் தவறினால் பக்கத்துப் பொருள் வந்து நிற்கும். இரண்டும் ஒரே சூழலில் வரக்கூடியவை என்பதால் சூழலும் கைகொடுக்காது. இயற்கை மொழிகளில் நெருங்கிய பொருள்களுக்குத் தொடர்பற்ற ஒலிகள் அமைந்திருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

கொள்வேருக்கு எஸ்பெராண்டோ. நாய் என்பதற்கு "ஹுண்டோ" ஜெர்மனிலிருந்து, பறவைக்கு "பிர்டோ" ஆங்கிலத்திலிருந்து. முதல் நூலில் ஏறத்தாழ 900 வேர்கள்.

ஆனால் இந்த இரண்டு பெட்டிக்குள் எல்லா மொழியும் அடங்காது. எஸ்பெராண்டோவிலேயே சுட்டு, வினாச் சொற்கள் 45 உண்டு: 5 முன்பகுதிகள், 9 பின்பகுதிகள், ஒன்றோடொன்று பெருக்கிய அட்டவணை. நமக்கு இது புதிதல்ல. அவன், இவன், எவன், அங்கு, இங்கு, எங்கு என்று தமிழ் ஓடும் தடம்தான். ஐரோப்பிய மொழிகளிலிருந்து துணுக்குகள் எடுத்திருந்தாலும் இந்த முழு ஒழுங்கு எந்த ஐரோப்பிய மொழியிலும் இல்லை, எஸ்பெராண்டோவை உருவாக்கிய சாமன்ஹாஃப் வகுத்தது. கொள்வேர் மொழிக்குள் தன்வேர் அடுக்கு.

பட்டியல் தொகுப்பாளர்:

எழுத்தாளர் டோல்கின் தன் கதைகளுக்காகப் புனைந்த சின்டாரினை எந்தப் பெட்டியில் வைப்பது? பிரிட்டனின் வேல்சு மொழியைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள். அப்படியானால் கொள்வேர்தானே?

மொழி புனைபவர்:

இல்லை, அம்மா. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே மூன்றாவது சொல் தேவைப்படுகிறது. சின்டாரினின் வேர்கள் டோல்கின் உண்டாக்கிய முன்மொழியிலிருந்து (சின்டாரினுக்குத் தாயாக அவர் வைத்த மூத்த மொழி) வருபவை. வேல்சிடமிருந்து அவர் கொண்டது ஒலியமைப்பும் சில ஒலிமாற்றங்களும். வேல்சில் "கார்" வண்டி, "கெய்ர்" வண்டிகள். சொல்லின் உள்ளுயிர் மாறிப் பன்மை வருகிறது. சின்டாரினில் "அமோன்" குன்று, "எமின்" குன்றுகள். வேல்சில் "கத்" பூனை, முன்னால் சுட்டிடைச்சொல் வந்தால் "அ கத்" ஆகாமல் முதல் மெய் மெலிந்து ஒலிக்கும்; இந்த முதல்மெய்த் திரிபும் சின்டாரினில் உண்டு. ஆகவே வேர் அவருடையது, நடை வேல்சுடையது. எஸ்பெராண்டோவில் இது தலைகீழ்.

இப்படி வேரை விட்டு நடையை மட்டும் கொள்வதற்குச் "சாயல்" என்று பெயரிடலாம். "வேல்சுச் சாயலுள்ள தன்வேர்ப் புனைமொழி" என்றால் சின்டாரின் ஐயமின்றி விளங்கும். டோல்கினின் இன்னொரு மொழியான குவென்யாவுக்குப் பின்லாந்து மொழியின் சாயல்.

இலக்கண ஆசிரியர்:

சாயல் நல்ல சொல். ஆனால் "சாயல்மொழி" என்று கூட்டிவிடாதீர்கள். சாயலைத் தந்த மொழியா, பெற்ற மொழியா என்று தெரியாது. "மாதிரிமொழி" என்றும் வேண்டாம். "மொழி மாதிரி" என்பதைக் கணினியாளர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தந்ததைச் "சாயல்மூலம்" என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. அவதார் படத்துக்காகப் புனைந்த நாவி மொழி பற்றிய வரைவுக் குறிப்பில் சொல்லுக்குள் புகும் உருபை "இடைநிலை" என்று எழுதியிருக்கிறது. தவறு. நம் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பது, பகுதியைப் பிளப்பதில்லை.

மொழி புனைபவர்:

சரியான திருத்தம். நாவியில் "தரோன்" வேட்டையாடு. வேட்டையாடி முடித்ததைச் சொல்ல "ஒல்" என்பது த் என்ற முதல் மெய்யை அடுத்துப் புகுந்து "தொலரோன்" ஆகும். பிலிப்பைன்ஸின் தகலாகு மொழியில் "சுலாத்" எழுது, "சுமுலாத்" எழுதினார் என்பதும் இதே வேலை. "உள்ளொட்டு" என்று வைப்போம்.

சாயலைக் கொண்டுவரும் வழியும் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பதால் ஒரு சிறு கணக்கு. வேல்சு போன்ற உள்ளுயிர்ப் பன்மை வேண்டுமென்று அட்டவணையில் நேரடியாக எழுதினால் அது ஒட்டுப்போட்டதாகவே தெரியும். ஒலிமாற்றங்களை வரிசையாக ஓட்டித்தான் பெற வேண்டும். முன்மொழியில் ஒருமை "லம", பன்மை "லமி" என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விதி: ஈற்று இகரம் தனக்கு முந்தைய அகரத்தை எகரமாக்கும். லமி, லெமி ஆகும். இரண்டாம் விதி: ஈற்றுயிர் கெடும். கிடைப்பவை லம், லெம். பன்மை விகுதி மறைந்தும் பன்மை பிழைத்துவிட்டது. விதிகளை இடம் மாற்றிப் போட்டால்? ஈற்றுயிர் முதலில் கெட்டுவிடும், இகரம் இல்லாததால் முதல் விதிக்கு வேலையில்லை, இரண்டும் "லம்" என்றே நிற்கும். புதிதாகப் புனைபவர்கள் "என் மொழியில் பன்மை காணாமல் போய்விட்டது" என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த வரிசைதான். பட்டியலில் "விதிவரிசை" என்று ஒரு பதிவு போடுங்கள்.

கிளிங்கனில் சாயலை வேண்டுமென்றே குலைத்திருக்கிறார்கள். அதை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் நம் டகரத்தைப் போன்ற ஒலிப்புள்ள (குரல்நாண் அதிரும்) நாமடி ஒலியை வைத்தார், அதன் ஒலிப்பற்ற இணையை வைக்கவில்லை. இயற்கை மொழிகள் இப்படி ஒற்றைக்காலில் நிற்பது அரிது. செயப்படுபொருள், பயனிலை, எழுவாய் என்ற சொல்வரிசையும் அபூர்வம். பிரேசிலின் ஹிஷ்கர்யானா போன்ற சில மொழிகளில்தான் அது இயல்பு. இதற்குத் தனிச்சொல் வேண்டாம், "சாயல்முறிவு" என்று விளக்கத்தில் எழுதினால் ஆயிற்று.

பட்டியல் தொகுப்பாளர்:

தருக்க அடிப்படையில் கட்டிய லோஜ்பான் கொள்வேர்தானா? கணினி கொண்டு வேர் எடுத்தார்கள் என்று படித்தேன்.

மொழி புனைபவர்:

முறைப்படி கொள்வேர். சீனம் 36, ஆங்கிலம் 21, இந்தி 16, எசுப்பானியம் 11, ரஷ்யன் 9, அரபு 7 விழுக்காடு என்று எடை போட்டு, ஆறு மொழிச் சொற்களோடும் எழுத்து ஒத்துப்போகும் ஐந்தெழுத்து வடிவங்களில் அதிக மதிப்பெண் பெற்றதை வேராக்கினார்கள். விளைவு, இந்தி பேசுபவர் பார்த்தாலும் தன் சொல் என்று அடையாளம் காண மாட்டார். 1879–80இல் ஷ்லையர் செய்த வோலாப்யூக்கிலும் இதே கதை; பெயரிலுள்ள "வோல்", "ப்யூக்" இரண்டும் ஆங்கிலத்தின் உலகம், பேச்சு என்ற சொற்களிலிருந்து வந்தவை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அதனால் கொள்வேருக்கு விளக்கம் எழுதும்போது "வேரின் தோற்றத்தைக் குறிப்பது, பார்த்தவுடன் அடையாளம் தெரிவதைக் குறிக்காது" என்று ஒரு வரி சேருங்கள்.

ரீலெக்ஸுக்கு "வேடமொழி" எப்படி?

இலக்கண ஆசிரியர்:

வசைபோல் இருக்கிறது. எக்வடோரில் மீடியா லெங்குவா என்று ஒரு மொழி உண்டு: அங்குள்ள பழங்குடி மொழியான கெச்சுவாவின் இலக்கணத்தில் எசுப்பானிய வேர்களை அமர்த்தியது, மக்கள் பேச்சில் தானே உருவானது. மொழியியலில் அதுவும் இதே கலைச்சொல்லுக்குள் வருகிறது. அதைப் போய் வேடம் என்பதா? "சொல்மாற்று மொழி" போதும். புணர்த்திச் "சொன்மாற்று" என்று எழுதினால் "சொன்ன" என்று படித்துவிடுவார்கள், பிரித்தே எழுதுங்கள். "மொழிமாற்று" கூடவே கூடாது, அது பொருள்கோள் வகைகளில் ஒன்றின் பெயர்.

மொழி புனைபவர்:

ஏற்கிறேன். சோதனையையும் விளக்கத்தில் சேர்த்துவிடலாம். தமிழர் புனையும் மொழி சொல்மாற்றா என்று பார்க்க "போடு" ஒன்றே போதும். சட்டை போடு, சோறு போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, குப்பையில் போடு: ஐந்துக்கும் புனைமொழியில் ஒரே சொல் வந்தால் அடியில் தமிழ் இருக்கிறது. அடுத்து "எனக்குப் பசிக்கிறது". பசிப்பவர் அங்கேயும் நான்காம் வேற்றுமையில் நின்றால் யோசித்து வைத்ததா, தானாக வந்ததா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் சாயல், அதில் குற்றமில்லை.

பட்டியல் தொகுப்பாளர்:

வரைவில் இப்படி ஏற்றுகிறேன்: புனைமொழி, மொழிப்புனைவு, மொழிபுனைவோர், தன்வேர், கொள்வேர், சாயல், சாயல்மூலம், விதிவரிசை, உள்ளொட்டு, சொல்மாற்று மொழி. தன்வேர், கொள்வேர், சாயல் மூன்றையும் மொழி முழுமைக்கும் ஒட்டாமல், வேர், ஒலி, இலக்கணம் என்று அடுக்குவாரியாகக் குறிக்கும்படி பதிவு அமைகிறது.

லாடன் மொழிக்கு இன்னும் ஒன்று நிலுவையில் இருக்கிறது. 1982இல் சுசெட் ஹேடன் எல்ஜின் தொடங்கிய அம்மொழியில், சொல்வதை நேரில் கண்டாரா, கனவில் கண்டாரா, நம்பத்தக்கவர் சொல்லிக் கேட்டாரா என்று வாக்கிய ஈற்றில் ஓர் இடைச்சொல் காட்டும். "வந்தானாம்" என்பதில் நம் "ஆம்" இந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. "சான்றுக்குறி" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐயா என்ன சொல்கிறீர்கள்?

இலக்கண ஆசிரியர்:

"சான்று" என்றால் நீதிமன்ற வாடை அடிக்கிறது. கேட்டது, கண்டது, உய்த்தறிந்தது மூன்றும் அறிந்த வழிகள். "அறிவழிக்குறி" என்று எழுதிப் பாருங்கள். "ஆம்" உடன்பாட்டுச் சொல்லாகவும் வரும் என்பதால் எடுத்துக்காட்டில் "வந்தானாம்" என்று முழுச்சொல்லாகவே கொடுங்கள்.