வந்த பேக்கெட்டின் முதல் 40 பைட்டுகள் மட்டும் கெடுகின்றன: பஃபர் வடிவமைப்பில் உதவி தேவை

கேள்வி கேட்டவர்:
வணக்கம். 64 பிட் ஆர்ம் போர்டு ஒன்றுக்குச் சிறிய கெர்னல் எழுதி வருகிறேன். நெட்வொர்க் டிரைவருக்கும் வட்டு டிரைவருக்கும் ஒரே பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) வடிவம் போதும் என்று எண்ணி, 2048 பைட் துண்டுகளை 64 பைட் எல்லையில் ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அடுத்த பஃபரின் பாயிண்டர், பிசிக்கல் முகவரி, நீளம், பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஆகியவை அடங்கிய 24 பைட் ஹெடர் இருக்கிறது. அதை ஒட்டியே தரவு தொடங்குகிறது. டிஎம்ஏ (சாதனம் பிராசசர் வழியாக அல்லாமல் நேரடியாக நினைவகத்தில் எழுதுவது) முடிந்ததும் அந்தப் பகுதியின் கேஷை, அதாவது பிராசசர் தன்னருகே வைத்திருக்கும் நகலை, கிளீன் செய்து (மாறியதை நினைவகத்தில் எழுதி) இன்வாலிடேட் செய்கிறேன் (நகலைச் செல்லாததாக்குகிறேன்).

கியூஎமு எமுலேட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. போர்டில், பேக்கெட்டுகள் நெருக்கமாக வரும்போது மட்டும் முதல் 40 பைட்டுகளில் பழைய பேக்கெட்டின் தரவு நிற்கிறது. 41ஆவது பைட்டிலிருந்து சரியாக இருக்கிறது. நெட்வொர்க் கார்டின் கோளாறாக இருக்குமா?

மறுமொழி 1:
கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். 24ஐயும் 40ஐயும் கூட்டினால் 64. அதாவது ஒரு கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் தொகுதி). உங்கள் ஹெடரும் தரவின் முதல் 40 பைட்டுகளும் ஒரே லைனில் குடியிருக்கின்றன. பஃபரைக் கார்டிடம் ஒப்படைத்த பிறகு ஹெடரில் எதையாவது எழுதுகிறீர்களா? எழுதினால் அந்த லைன் பழைய தரவோடு கேஷுக்குள் வந்து டர்ட்டி (மாற்றம் இன்னும் நினைவகத்தில் எழுதப்படாதது) ஆகிவிடும். கார்டு புதிய தரவை நினைவகத்தில் வைத்த பின், நீங்கள் கிளீன் செய்யும்போது கேஷில் உள்ள பழைய 40 பைட்டுகள் அதன் மேல் போய் விழுகின்றன. கியூஎமு கேஷை அப்படியே போலச் செய்வதில்லை என்பதால் அங்கே இது தெரிய வாய்ப்பே இல்லை.

கேள்வி கேட்டவர்:
ஆம், அடுத்த பஃபரை வரிசையில் சேர்க்கும்போது முந்தையதன் பாயிண்டரை எழுதுகிறேன். ஹெடரை 64 பைட்டாக நீட்டியதும் பிழை நின்றுவிட்டது. இதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளலாமா? வட்டிலிருந்து 64 கிலோபைட் படிக்க இந்தத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கலாம் என்றும் நினைக்கிறேன்.

மறுமொழி 2:
தற்காலிகமாக ஓடும், ஆனால் இதைவிடப் பெரிய லைன் அளவுள்ள சிப்புக்கு மாறினால் பழைய கதை திரும்பும். விவரிப்பையும் (இப்போது ஹெடரில் இருக்கும் குறிப்புகள்) தரவையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். லினக்ஸின் நெட்வொர்க் பஃபரான எஸ்கேபஃப் அப்படித்தான் இருக்கிறது: கட்டமைப்பு ஓரிடத்தில், தரவு வேறிடத்தில், நடுவே ஹெட், டேட்டா, டெயில், எண்ட் என நான்கு பாயிண்டர்கள். ஹெட்டுக்கும் டேட்டாவுக்கும் இடையே விடும் காலி இடத்தில், பேக்கெட்டை அனுப்பும்போது ஒவ்வொரு அடுக்கும் தன் ஹெடரை நகலெடுக்காமலே முன்னால் சேர்த்துவிடலாம்.

வட்டுக்கு அந்தக் காலி இடம் எதற்கும் உதவாது. அங்கே பேஜ் (நினைவகத்தின் நிலையான அளவுத் தொகுதி), ஆஃப்செட் (அதற்குள் தரவு தொடங்கும் இடம்), நீளம் என்ற மூன்றும் கொண்ட உருப்படிகளின் அரே போதும். லினக்ஸில் வட்டுக் கோரிக்கைகளுக்கான பயோவும் இதே வடிவம்தான். ஆகவே இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டியது இந்தத் துண்டுப் பட்டியல் மட்டுமே. அதன் மேல் நெட்வொர்க்குக்கும் வட்டுக்கும் தனித்தனி உறை போடுங்கள்.

மறுமொழி 3:
சங்கிலி பற்றி ஓர் எச்சரிக்கை. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் நெட்வொர்க் பஃபரான எம்பஃப் 128 பைட் மட்டுமே; பெரிய தரவுக்கு அவற்றைச் சங்கிலியாகக் கோப்பார்கள். நினைவகம் அரிதாக இருந்த காலத்துக்கு அது பொருத்தம். ஆனால் ஒரு ஹெடர் இரண்டு துண்டுகளில் பிளந்து கிடக்கலாம் என்பதால், படிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதை ஒன்றுசேர்க்கும் அழைப்பு தேவைப்படும். அதை ஓரிடத்தில் மறந்தாலும் பிழை எப்போதோ ஒருமுறைதான் தலைகாட்டும். நெட்வொர்க் ஹெடர்கள் தொடர்ச்சியான ஒரே பகுதியில் இருக்கட்டும்; துண்டாவது அதற்குப் பின் வரும் தரவு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கேஷை டிஎம்ஏ முடிந்த பின் மட்டும் கவனிப்பது போதாது. பெறும் பஃபரைக் கார்டிடம் கொடுப்பதற்கு முன்பே டர்ட்டி லைன்களை வெளியேற்றிவிட வேண்டும். முடிந்த பின் கிளீன் செய்யாமல் இன்வாலிடேட் மட்டும் செய்ய வேண்டும். ஏனெனில் பிராசசர் ஊகத்தில் சில லைன்களை நடுவே மீண்டும் இழுத்து வைத்திருக்கலாம். இரண்டையும் டிரைவர்கள் தனித்தனியே எழுதாமல், "சாதனத்திடம் கொடு", "சாதனத்திடமிருந்து வாங்கு" என்ற இரண்டு பங்ஷன்களுக்குள் அடைத்து, பஃபர் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதையும் விவரிப்பில் குறித்துவையுங்கள். சாதனத்தின் கையில் இருக்கும்போது தரவுப் பாயிண்டரைக் கேட்டால், டீபக் பில்டில் கெர்னல் அங்கேயே பேனிக் ஆகி நிற்கட்டும்.