பழைய வீரா காருக்கு ஃபுல்லி சிந்தெடிக் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா, மினரலிலேயே இருக்கலாமா?

பிறை98

எல்லாருக்கும் வணக்கம். புரோட்டோன் வீரா 1.5, 1998 மாடல், ஆட்டோ கியர். அப்பா ஓட்டியது, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. மீட்டர் 280,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தினமும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸில் வேலை. காலை நேரத்துப் பாலத்து ஜாமைப் பற்றிப் பினாங்கு ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா எப்போதும் 20டபிள்யூ-50 கிரேடு (எண் கூடினால் ஆயில் கெட்டி) மினரல் ஆயில்தான் ஊற்றுவார், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றிவிடுவார். இப்போது இரண்டு தொல்லை. ராத்திரி நிறுத்திவைத்தால் காலையில் போர்ச்சில் இருபது காசு அகலத்துக்கு ஆயில் சொட்டியிருக்கிறது. அப்புறம், ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மேலூற்ற வேண்டியிருக்கிறது. ஜாமில் நிற்கும்போது லேசாகக் கருகல் வாடையும் வருகிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ஃபுல்லி சிந்தெடிக்குக்கு மாறுங்கள், எஞ்சின் சுத்தமாகிவிடும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் "பழைய காடிக்கு அதை ஊற்றினால் எல்லாப் பக்கமும் ஒழுகும்" என்று பயமுறுத்தினார்கள். அப்பாவைக் கேட்டால், "ஊத்துறதையே ஊத்து" என்கிறார். யார் சொல்வது சரி? காசு கூடப் போனாலும் பரவாயில்லை, காடி இன்னும் சில வருடம் ஓட வேண்டும்.

செபராங் ஜெயா பையன்

ஊற்றாதே தம்பி. என் மாமாவின் பழைய புரோட்டோன் இஸ்வாரா மினரலில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றிய ஒரே மாதத்தில் ஒழுக ஆரம்பித்தது. திரும்ப மினரலுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை.

பழைய போமன்

மாமா காடியின் கதையிலேயே பதில் இருக்கிறது. மினரலுக்குத் திரும்பிய பிறகும் நிற்கவில்லை என்றால் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் முன்பே போய்விட்டது என்று அர்த்தம். ஆயில் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பயம் அடியோடு பொய்யும் இல்லை. 1970களில் கார்களுக்குச் சிந்தெடிக் ஆயில் கடைக்கு வந்த புதிதில், அதன் அடிப்படை எண்ணெய் ரப்பர் சீலைச் சுருங்க வைக்கும். அப்புறம் சீலை உப்ப வைக்கும் எஸ்டர் வகையை அளவோடு சேர்த்துச் சரிசெய்துவிட்டார்கள். இன்று ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தர முத்திரையோடு வருகிற ஆயில் எதுவும் நல்ல சீலைக் கெடுக்காது. ஆனால் இருபத்தைந்து வருடச் சூட்டில் சப்பாத்து அடிபோல இறுகிப்போன சீலை எந்த ஆயிலும் மீட்டுத் தராது. சில எஞ்சின்களில் பழைய கசடே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் அதைக் கழுவியதும் ஒழுகத் தொடங்கும். ஆட்கள் சிந்தெடிக்கைத் திட்டுவது இதனால்தான்.

தம்பி, ஆயில் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா, இல்லை ஓடும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் வருகிறதா? இரண்டு, எஞ்சின் சூடாகி ஐடிலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறதா? மூன்று, ஒழுகுவது மேலேயா, கீழேயா? டார்ச் அடித்து வால்வ் கவர் (எஞ்சினின் மேல் மூடி) விளிம்பையும், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தையும் பாருங்கள்.

கெப்போங் லேப்

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். லூப்ரிகன்ட் லேபில் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் வளவளப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மினரல், சிந்தெடிக்' என்று இரண்டு ஜாதியாகப் பிரித்துப் பேசுவதே பாதிக் குழப்பம். அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு குரூப்பும் மினரல். மூன்றாவது குரூப்பும் கச்சா எண்ணெயிலிருந்துதான் வருகிறது, ஆனால் ஹைட்ரஜனை வைத்துக் கடுமையாகச் சுத்திகரித்தது. அதைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ரோலுக்கும் விளம்பரத் தகராறே நடந்தது. 1999-இல் விற்கலாம் என்று முடிவானது. இன்று கடையில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று இருப்பவற்றில் நிறைய இந்த மூன்றாவது குரூப்தான். 'செமி' (மினரலும் சிந்தெடிக்கும் கலந்தது) என்பதில் எத்தனை சதவீதம் சிந்தெடிக் இருக்க வேண்டும் என்று பொதுவான விதியே கிடையாது.

எனவே பெரிய எழுத்தை விட்டுவிட்டு, டப்பாவின் பின்பக்கம் இரண்டு விஷயம் பாருங்கள். கிரேடு ஒன்று, ஏபிஐ எழுத்து ஒன்று. இந்தக் காடி வந்த காலத்தில் எஸ்ஜே புதிது. அப்புறம் எஸ்என் வந்தது, 2020-இல் எஸ்பி வந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குப் புதிய எழுத்து பழையதன் வேலையையும் செய்யும்.

சிந்தெடிக்கின் நிஜமான பலன், சூட்டில் சீக்கிரம் கெட்டியாகாது, ஆவியாகி வீணாவதும் குறைவு. மைனஸ் டிகிரியிலும் பாயும் என்பதற்காக நம் ஊரில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிறை98

முதலில் ஒன்று: நான் தம்பி இல்லை, தங்கச்சி 😄

அண்ணே, பார்த்துவிட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை நீலமாகப் புஸ்ஸென்று வருகிறது, அப்புறம் இல்லை. பாலத்து ஏற்றத்தில் மிதித்தாலும் கண்ணாடியில் புகை தெரியவில்லை. ஆயில் லைட் மினுக்கவில்லை. வால்வ் கவரின் ஒரு மூலை முழுக்க எண்ணெய்ப்பசை, அதில் மண் ஒட்டிக் கறுப்பாக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழேயும் ஈரம். எஞ்சினின் அடிப்பக்கம் காய்ந்துதான் இருக்கிறது.

பழைய போமன்

மன்னிக்கணும் தங்கச்சி. கேட்டவரைக்கும் எல்லாம் நல்ல சேதிதான்.

ஸ்டார்ட்டில் மட்டும் புகை என்றால் வால்வ் ஸ்டெம் சீல் தேய்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய ஆயில் காலையில் எரிகிறது. மிதிக்கும்போது புகை இல்லாததால் பிஸ்டன் ரிங் இன்னும் தாங்குகிறது. 5,000-க்கு ஒரு லிட்டர் குறைவது இந்த வயசு எஞ்சினுக்குப் பயப்படுகிற அளவு இல்லை. ஸ்டெம் சீலை இப்போதைக்கு விடுங்கள், ஹெட்டைத் திறக்கிற வேலை வந்தால் அப்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

கருகல் வாடை வால்வ் கவரிலிருந்து. ஒழுகுகிற ஆயில் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் பட்டு எரிகிறது. கேஸ்கெட் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போது ஹெட்டின் முனையில் அரைவட்டமாக ஒரு ரப்பர் இருக்கும். பலர் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவார்கள், ஒரு மாதத்தில் அதே மூலை திரும்ப ஈரமாகும். அதையும் மாற்றி, சீலன்ட் தடவி வைக்க வேண்டும். போல்ட்டை முறுக்கித் தள்ளக் கூடாது, கேஸ்கெட் பிதுங்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு ஓ-ரிங்தான், மலிவு. ஆனால் கழற்றும் முன் நிலையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் டைமிங் மாறும்.

இதையெல்லாம்விட முக்கியம் பிசிவி வால்வு. வால்வ் கவரிலிருந்து இன்டேக் பக்கம் போகிற ஹோஸில் இருக்கும். எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை அதுதான் வெளியே இழுக்கும். அடைத்துக்கொண்டால் அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும், புது கேஸ்கெட்டையும் கெடுக்கும். கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால் மாற்றிவிடுங்கள். ஐடிலில் ஓடவிட்டு வால்வின் வாயில் விரலை வைத்தால் இழுப்பது தெரியணும்.

இதெல்லாம் முடித்த பிறகுதான் ஆயில். என் யோசனை 10டபிள்யூ-40 செமி. ஃபுல்லி வேண்டாம். கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் எரிக்கிற எஞ்சினுக்கு இரண்டு மடங்கு விலை ஆயிலை மேலூற்றிக்கொண்டிருப்பது வீண்.

சுங்கை ஆரா

10டபிள்யூ-40-க்கு ஏன் இறங்க வேண்டும்? 50-இல் இத்தனை வருடம் ஓடிய எஞ்சின். கெட்டி ஆயில்தான் தேய்ந்த இடைவெளியை நிரப்பும். அப்பா சொல்வதுதான் சரி என்பேன்.

பழைய போமன்

தேய்ந்திருந்தால் சரி. ஆயில் லைட் மினுக்கியிருந்தாலோ, மிதிக்கும்போது புகைந்திருந்தாலோ நானே 20டபிள்யூ-50 என்றுதான் சொல்லியிருப்பேன். இவர் காடிக்கு அந்த அடையாளம் எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் கையேட்டில் வெப்பநிலை அட்டவணை இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு இரண்டுமே அடங்கும். கெட்டி ஆயில் காலையில் மேலே வால்வைத் திறக்கும் ராக்கர் வரைக்கும் போய்ச்சேர நேரமாகும், பெட்ரோல் செலவும் கொஞ்சம் கூடும். அதனால் 40. இரண்டுக்கும் நடுவே நிற்க ஆசை என்றால் 15டபிள்யூ-40 மினரல், 5,000-க்கு ஒரு தடவை. அதுவும் தப்பில்லை.

கெப்போங் லேப்

எனக்கும் 40 சரி. ஆனால் 5டபிள்யூ-30 பக்கம் போக வேண்டாம். ஒழுகலைப் பெரிதாக்குவது பல நேரம் சிந்தெடிக் என்பதால் இல்லை, கூடவே கிரேடும் மெலிந்துவிடுவதால்தான். யாரும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பட்டர்வொர்த் ஸ்பேர்

கடையில் நிற்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். போலி ஆயில் நிறையப் புழங்குகிறது, உள்நாட்டு வாணிப அமைச்சு (கேபிடிஎன்) பிடிப்பதும் அவ்வப்போது செய்தியில் வருகிறதுதானே. கம்பெனியின் சொந்தக் கடைப்பக்கமோ, தெரிந்த கடையோ போதும். மூடியின் சீலையும் டப்பாவில் அச்சிட்ட பேட்ச் எண்ணையும் பாருங்கள். நல்ல மினரல், போலி ஃபுல்லி சிந்தெடிக்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

4 லிட்டர் டப்பா வாங்கினால் போதும். வீரா 1.5 ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டருக்குக் குறைவாகத்தான் பிடிக்கும், மிச்சம் மேலூற்ற ஆகும்.

பிறை98

வேலை முடிந்தது. பிசிவி வால்வைக் குலுக்கினால் சத்தமே இல்லை, உள்ளே தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும், கேஸ்கெட்டையும், அரைவட்ட ரப்பரையும் மாற்றியாச்சு. அங்கிருந்த போமன் (மெக்கானிக்) அந்த ரப்பரை எடுத்து வளைத்துக் காட்டினார், இரண்டாக உடைந்தது. 10டபிள்யூ-40 செமி ஊற்றியிருக்கிறோம். கருகல் வாடை போய்விட்டது. போர்ச்சில் சின்னப் பொட்டு இன்னும் இருக்கிறது. ஓ-ரிங் கடையில் இல்லை, அடுத்த வாரம் வருமாம். காலையில் வரும் அந்தப் புஸ் அப்படியேதான் இருக்கிறது, அண்ணன் சொன்ன மாதிரி.

இரண்டு கேள்வி. எஞ்சின் ஃப்ளஷ் போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், சரிதானே? அப்பா வாங்கிவைத்த 20டபிள்யூ-50 டப்பா ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. அவசரத்துக்கு அதை மேலூற்றலாமா?

பழைய போமன்

சரிதான், ஃப்ளஷ் வேண்டாம். பழைய கசடு மொத்தமாகக் கழன்று ஆயில் பம்ப் சல்லடையை அடைக்க வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பதில் இந்த முதல் ஆயிலை மட்டும் 3,000-லேயே இறக்கிவிடுங்கள், புது ஃபில்டரோடு. கசடு மெதுவாக வந்துவிடும். அதற்குப் பிறகு 5,000, இல்லையென்றால் ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஊர்ந்து ஊர்ந்து பாலம் கடக்கிற காடிக்குச் செமி ஆயிலானாலும் அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அப்பாவின் டப்பாவைத் தாராளமாக மேலூற்றலாம். மினரலும் செமியும் கலந்தால் தயிராகத் திரிந்துவிடாது. கிரேடு கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம், கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள்.

பட்டர்வொர்த் ஸ்பேர்

இறக்குகிற பழைய ஆயிலை லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றிவிடாதீர்கள். டப்பாவில் பிடித்து எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது கொடுத்தால் அவர்கள் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஓ-ரிங் என் கடையில் இருக்கிறது, தங்கச்சி. சனிக்கிழமை மதியம் வரை திறந்திருப்பேன்.