ரிச்சி தெருவில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு செராமிக்) பேட் கிடைக்குமா? 1 மி.மீ., டிஓ-247 அளவு

நண்பர்களுக்கு வணக்கம். இன்வெர்ட்டர் போர்டில் 4 மாஸ்ஃபெட்டுகளை (ஸ்விட்ச் போல இயங்கும் டிரான்சிஸ்டர்கள், டிஓ-247 உறை) ஒரே ஹீட்சிங்க்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) பொருத்த வேண்டும். மாஸ்ஃபெட்டின் பின்புற உலோகத் தகடு அதன் டிரெயின் என்ற முனையோடு இணைந்தது. நடுவில் காப்பு இல்லாவிட்டால் மேல், கீழ் மாஸ்ஃபெட்டுகளின் டிரெயின்கள் ஹீட்சிங்க் வழியே ஷார்ட் ஆகிவிடும். மின்சாரம் கடக்கக் கூடாது, வெப்பம் மட்டும் கடக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் பொருள்கள் குறைவு; அலுமினா அதில் ஒன்று.

ஒவ்வொன்றிலும் 30 வாட் வெப்பம், தகடு 16 × 21 மி.மீ. எனக் கணக்கிட்டால் 0.1 மி.மீ. மைக்காவில் (நம் காக்காப்பொன்தான்) இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 18 டிகிரி வித்தியாசம் நிற்கிறது. 0.3 மி.மீ. சாதாரண சிலிக்கோன் ரப்பர் ஷீட்டில் 27 டிகிரி. அலுமினா 1 மி.மீ. தடிமனாக இருந்தும் 4 டிகிரிக்குள் முடிகிறது, ஏனெனில் அது மைக்காவைவிட ஏறத்தாழ 50 மடங்கு வெப்பம் கடத்தும். இடையில் தடவும் வெப்பப் பேஸ்ட்டின் தடை தனி. மே மாதச் சென்னையில் பெட்டிக்குள் 50 டிகிரி என்றால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கேட்டுப் பார்த்த கடைகளில் சிலிக்கோன் ஷீட்தான் தருகிறார்கள். துளையுள்ள அலுமினா பேட் எந்தக் கடையில் சில்லறையாகக் கிடைக்கும்? 20 போதும். அலுமினா நொறுங்கும் பொருள்; ஹீட்சிங்க் துளையில் பிசிறு இருந்தால் ஸ்க்ரூ முறுக்கும்போதே விரிசல் விழும். அதைத் தவிர்க்க ஸ்க்ரூவுக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப் போட்டவர்கள் இருந்தால் எந்தக் கிளிப் என்று சொல்லுங்கள். பொருத்திய பின், போர்டில் சால்டர் செய்யும் முன், 500 வோல்ட் மெக்கரில் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்கப் போகிறேன். மல்டிமீட்டர் சோதனையை இதற்கு நம்ப முடியாது.