வந்து ஒட்டும் பந்து விலகிப் போகவில்லை: பிழை எங்கே?

கேள்வி (மாங்குளத்திலிருந்து):

வணக்கம். மகளின் விஞ்ஞானச் செயற்பாட்டுக்காக ஒரு சிறிய ரெஜிபோம் உருண்டையைச் சொக்கிலேற் வெள்ளித்தாளால் சுற்றி, தையல் நூலில் கட்டி, யன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டிருக்கிறோம். ஆடியில் சோளகம் வீசிய நாட்களில், கம்பளித் துணியால் தேய்த்த பீவீசீ குழாயை அருகே கொண்டுசென்றால் பந்து பாய்ந்து வந்து தொட்டு, உடனே விலகி, எவ்வளவு துரத்தினாலும் தள்ளியே நின்றது. கார்த்திகை மழை தொடங்கிய பின்னர் பந்து வருகிறது, தொடுகிறது, ஆனால் குழாயோடு ஒட்டியபடியே நிற்கிறது. குழாயில் மின்னேற்றம் இல்லையென்றால் பந்து வரவே கூடாதல்லவா? இன்னொன்று: ஒவ்வாத ஏற்றங்களே கவரும் என்று படித்த பிள்ளை, ஏற்றமே கொடுக்காத பந்து ஏன் வருகிறது என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுமொழி (வவுனியாவிலிருந்து):

வெள்ளித்தாளில் முன்பே நேரேற்றம் இருந்திருக்கும். குழாயை இன்னும் பலமாகத் தேய்த்துப் பாருங்கள்.

மறுமொழி (கிளிநொச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்):

மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. பந்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். ஏதாவது ஏற்றம் இருந்தால் அது உடலினூடாகப் போய்விடும். அதன் பின்னரும் குழாயைக் காட்டினால் பந்து வரும்.

கம்பளியால் தேய்த்த பீவீசீ மறையேற்றம் பெறுகிறது. அது நெருங்கும்போது வெள்ளித்தாளிலுள்ள சுயாதீன இலத்திரன்கள் பந்தின் அப்பாற் பக்கத்துக்குத் தள்ளப்பட, குழாயை நோக்கிய முகத்தில் நேரேற்றம் மிஞ்சுகிறது. பந்தின் மொத்த ஏற்றம் இப்போதும் பூச்சியந்தான். ஆனால் கவரப்படும் முகம் கிட்டவும் தள்ளப்படும் முகம் எட்டவும் இருப்பதாலும், 1785இல் பிரெஞ்சு பௌதிகவியலாளர் கூலோம் அளந்து காட்டியபடி தூரம் கூடக்கூட விசை வேகமாகக் குறைவதாலும், கவர்ச்சியே வெல்கிறது. ஏற்றத்தை ஒரு புள்ளியாகவும் பந்தைத் தூரத்தோடு ஒப்பிடும்போது மிகச் சிறியதாகவும் எடுத்துக் கணித்தால், தூரம் பாதியாகும்போது இந்தக் கவர்ச்சி 32 மடங்காகும். மெல்ல அசையும் பந்து கடைசி நேரத்தில் பாய்வது இதனால்தான். ஆகவே கவர்ச்சியை மட்டும் கண்டு ஒரு பொருளில் ஏற்றம் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, தள்ளுகைதான் சான்று.

உங்கள் சிக்கலும் தள்ளுகையில்தான் இருக்கிறது. விலகி நிற்க வேண்டுமானால், தொட்டபோது குழாயிலிருந்து வாங்கிய மறையேற்றத்தைப் பந்து தன்னிடம் வைத்திருக்க வேண்டும். மாரியில் பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி, வாங்கிய ஏற்றத்தை யன்னல் கம்பிக்குக் கடத்திவிடுகிறது. கம்பியோ சுவரைப் பிடித்து நிற்கிறது. நூலை அகற்றி, மீன்பிடிக்கிற தங்கூசியில் கட்டுங்கள். குழாயின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும் என்பதால், குழாயையும் கம்பளியையும் அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். கிட்டப் பிடித்தால் குழாய் வளைந்துவிடும். நான் அப்படி இரண்டைப் பாழாக்கியிருக்கிறேன். எண்ணெய் வைத்த தலையில் தேய்ப்பதும் பயன் தராது.

கேட்டவர்:

நன்றி ஐயா. முல்லைத்தீவிலுள்ள மைத்துனரிடம் ஒரு முழம் தங்கூசி வாங்கிக் கட்டினோம். நேற்று வெளியே தூறிக்கொண்டிருந்தபோதே பந்து தொட்டுவிட்டுத் தெறித்தது. குழாயைச் சுற்றிக் கொண்டுவந்தால் அதுவும் மறுபக்கம் ஒதுங்கியது. விரலால் தொட்டதும் மறுபடியும் குழாயிடம் வந்தது. ஆனால் கடதாசித் துண்டுகள் மட்டும் தெறிக்காமல் குழாயில் நெடுநேரம் ஒட்டியிருக்கின்றனவே?

கிளிநொச்சி ஆசிரியர்:

வெள்ளித்தாள் ஒரு மின்கடத்தி. தொட்ட இடத்தில் வாங்கிய ஏற்றம் மேற்பரப்பெங்கும் பரவிவிடும். உலர்ந்த கடதாசி ஏறக்குறையக் காவலி, அதாவது மின்னைக் கடத்தாத பொருள். அதன் இலத்திரன்கள் மூலக்கூறுகளை விட்டு ஓடாமல் அந்தந்த இடத்திலேயே சற்று ஒதுங்குகின்றன. கவர்ச்சிக்கு அதுவே போதும். தொட்ட முனையில் வாங்கும் சிறிதளவு ஏற்றம் மற்றப் பகுதிகளுக்குப் பரவ நேரமெடுப்பதால் தெறிப்பும் தாமதமாகிறது. ஒரு துண்டை மூச்சுக்காற்றால் மெல்ல ஈரமாக்கிவிட்டு, உலர்ந்த துண்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முதலில் தெறிக்கிறது என்பதை மகளையே குறிக்கச் சொல்லுங்கள்.